வீட்டுப்பேர் கேட்டவர்கள்

ஏழேகால் மணி. அத்தாணி வளைவு.

மலை ரோட்டில் ஏழேகால் என்றால் ஊர் அடங்கிய நேரம். எல்லா வீட்டிலும் சாயங்கால ஜெபம் நடந்துகொண்டிருக்கும். கதவைச் சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி, முழங்காலில் நிற்பார்கள். ரோட்டில் நாய்கூட இருக்காது. எங்கோ கீழே ஒரு வீட்டிலிருந்து ஜெபமாலை மட்டும் காற்றில் வரும்... ஒரு குரல் முன்னால் சொல்ல, நாலைந்து குரல் பின்னால் முனகும்.

அந்த நேரத்தில், அந்த வளைவில், குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக நடந்து வந்தார் அகஸ்தி சார்.

"எந்த அகஸ்தி சார்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"உனக்கு எதிர்ல உக்காந்திருக்கானே லூயிஸ், அவனோட அக்கா மாப்பிள்ளை" என்றேன்.

லூயிஸ் பீடியை ஒருதரம் இழுத்தான். இருட்டில் அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் பெரிதாகிச் சிறுத்தது.

அச்சகத்தில் நாங்கள் ஐந்து பேர். ஆறரைக்குக் கரண்ட் போய்விட்டது. மழையில் எங்கோ மரம் விழுந்திருக்கும். பாலத்தடியில் மண் சரிந்து ஜீப்பும் இல்லை. சேலக்குன்று சர்ச்சின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலர் ஞாயிற்றுக்கிழமை வெளியாக வேண்டும், அச்சான தாளில் பாதி பாரம்கூட மடித்து முடியவில்லை. ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்தோம். மெஷின்மேன் லூயிஸ், நான், ஜெசிந்தா, கூட மடிக்கும் இரண்டு பெண்கள்.

பேச்சை ஆரம்பித்தவள் ஜெசிந்தாதான். இருபது வருஷமாக என்னோடு வேலை செய்கிறாள். வாய் அவளுக்கு எப்போதும் கூர்மை. மத்தியானம் பேப்பர்க் கட்டைத் தலையில் வைத்து ஒருவன் வந்தபோது நான் சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடிப் போய்க் கை கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டாள்.

"சுமை தூக்குறவன கண்டா நம்ம அண்ணாச்சிக்கு ஒரு வெறி. ரோட்டுல போற கப்பக்கிழங்குச் சாக்கு, பலாப்பழம், எதையும் விடுறதில்ல. போய்ப் புடிச்சுடுவாரு. ஏதோ அடுத்த தேர்தலுக்கு நிக்கிற மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அலுத்துப்போய்விட்டது எனக்கு, சொல்லாமல் இருந்து இருந்து.

இருபத்தைந்து வருஷம் முன்னால், இதே சர்ச்சின் பொன்விழா. ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோருடைய வாழ்க்கைக் கதையும் வர வேண்டும், ஆளுக்கு ஒரு பக்கம் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டார்கள். எழுதும் வேலை அகஸ்தி சாருக்கு. பத்திரிகைக்கு மரணச் செய்தி எழுதி அனுப்புகிறவர் அவர்தானே, செத்தவர்களைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும் என்று கொடுத்துவிட்டார்கள்.

மனுஷன் நாலு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினார். சர்க்கரை வியாதிக்காரர். ஒவ்வொரு வீட்டிலும் இனிப்பு போட்ட காப்பி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வல்யப்பச்சன், அதாவது தாத்தா, புலியைக் குத்திக் கொன்றிருந்தார். "இவங்க கொன்ன புலிய எல்லாம் கூட்டினா இந்த மலையில மனுஷன் நிக்க எடம் இருந்திருக்காது ஒச்சப்பா" என்று என்னிடம் சொல்லுவார். ஒச்சப்பன் என்பது என் பெயர். ஊரில் அவர் ஒருத்தர்தான் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்.

எங்கே போனாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி. "வீட்டுப்பேர் என்ன?" இந்த ஊரில் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஞானஸ்நானப் பதிவு, கல்லறை, கல்யாணப் பத்திரிகை, மலர், எல்லாம் வீட்டுப்பேர் வரிசைதான். எங்கள் அச்சகத்து ஆர்டர் நோட்டும் அப்படித்தான். கீழே தமிழ்ப் பக்கம் கம்பத்திலிருந்து நான் இங்கே வந்த புதிதில் ரேஷன் கார்டுக்கு வீட்டுப்பேர் கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். கிளார்க் சிரித்துவிட்டு 'பிரஸ்ஸுப்பறம்பில்', பிரஸ் இருக்கிற மனை, என்று எழுதிக்கொண்டார். இன்றும் அதுதான்.

சரி. அன்றைக்கு அகஸ்தி சார் போய்வந்தது காவும்புறத்து வீட்டுக்கு. மலரின் முதல் பக்கமே அவர்கள்தான். காவும்புறத்துக் குஞ்ஞவிரா. இந்த மலையில் முதலில் குடியேறியவர். சர்ச் வாசலில் நிற்கும் கல் சிலுவையை அடிவாரத்திலிருந்து தோளில் சுமந்து வந்தவர். ஒருதடவைகூடக் கீழே இறக்காமல் கொண்டுபோய் நடுவேன் என்று நேர்ச்சை நேர்ந்து, அப்படியே செய்தவர். சிலுவையின் ஒரு பக்கம் வழவழப்பாக ஒரு குழி இருக்கும். அவர் தோள் பட்ட இடம் என்று ஜனங்கள் தொட்டு, உதடு வைத்து முத்துவார்கள்.

"நானும் முத்தியிருக்கேன்" என்றாள் ஜெசிந்தா.

எல்லோரும்தான் முத்தியிருக்கிறோம்.

அப்போது குஞ்ஞவிரா உயிரோடு இருந்தார். தொண்ணூறு தாண்டிவிட்டது. கட்டிலோடு கிடந்தார். பேரன் அவிராச்சன் கமிட்டித் தலைவன். அவன் சொல்லச் சொல்ல சார் எழுதிக்கொண்டார். நடுவே கட்டிலிலிருந்து கிழவர் தலையைத் திருப்பி ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"அவன் இறக்கினானா?"

அவிராச்சன் சிரித்தான். "ரெண்டு வருஷமா இதே கேள்விதான் சாரே. மொளகுச் சாக்க நெனச்சு கேக்குறாரு. நீங்க எழுதுங்க. 'ஒருமுறைகூட இறக்காமல்'. அந்த வரி முக்கியம்."

கதை நீண்டுபோய்க் கடைசி ஜீப் போய்விட்டது. சார் நடந்தே கிளம்பினார். அப்படித்தான் ஏழேகாலுக்கு அத்தாணி வளைவுக்கு வந்தார்.

அந்த வளைவில் பழைய சுமைதாங்கி இருக்கிறது, தெரியுமே. இங்கே அத்தாணி என்பீர்கள். நட்ட கல் இரண்டு மட்டும். மேலே கிடத்திய கல் இல்லை, போய் ரொம்ப வருஷம் ஆகிறது.

முதலில் வாடை வந்ததாம். நனைந்த சாக்கு. வியர்வை. அதோடு உளி பட்ட கருங்கல்லின் வாடை... கல் கொத்துகிற இடத்தில் மட்டும் வருமே, கருகின மாதிரி, அது.

பிறகு மூச்சு. ஹும்... ஹும்... பாரம் ஏற்றின ஆள் ஏற்றத்தில் விடுகிற மூச்சு.

பிறகு ஆள். மேலே சாக்கைப் போர்த்தியிருந்தான். தோளில் என்னவோ. இரண்டு பக்கமும் நீண்டிருந்தது. மரச் சட்டம் கொண்டுபோகிறான் என்று சார் நினைத்தார். முகம் தெரியவில்லை. கழுத்து அவ்வளவு குனிந்திருந்தது.

அந்த இரண்டு கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒரு கை புடிங்க சாமி..."

இந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த மரியாதை ஒன்று உண்டு. சுமையோடு நிற்கிறவனிடம் எதுவும் கேட்கக் கூடாது. முதலில் கை. இறக்கிய பிறகு பேச்சு. சாருக்கும் தெரியும். ஆனால் நாலு மாதமாகக் காலை முதல் ராத்திரி வரை ஒரே கேள்வியைக் கேட்டுக்கேட்டு நாக்கு அதற்குப் பழகிவிட்டது. களைப்பு வேறு.

"யாரு? வீட்டுப்பேர் என்ன?" என்று கேட்டுவிட்டார்.

மூச்சு நின்றது.

கீழே ஜெபமாலை கேட்டுக்கொண்டிருந்தது. மாலையின் ஒரு மணிக்குரிய ஜெபம் முழுவதும் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் வரை அவன் அப்படியே நின்றானாம். பிறகு ஒரு வார்த்தை. கோபமாக இல்லை. அலுத்துப்போன குரலில்.

"அதச் சொன்னாத்தான் புடிப்பீங்களா?"

அவ்வளவுதான். திரும்பி மேலே நடந்தான். சார் டார்ச்சை அடித்தார். ரோட்டில் ஆள் இல்லை. சேற்றில் கால் தடம் மட்டும் மேலே போனது. ஒவ்வொன்றும் முழங்கை ஆழம்.

வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று படுத்தார். காலையில் கழுத்து நிமிரவில்லை.

"எக்ஸ்ரே எடுத்தோம். ஒண்ணுமில்லன்னாங்க" என்றான் லூயிஸ். அன்று ராத்திரி அவன் பேசியது அதுதான் முதல் தடவை. "தைலம் போட்டோம். பெல்ட்டு கட்டினோம். எதுத்தாப்ல நிக்கிறவன் முகத்த பாக்க அவரு நாற்காலியில சாஞ்சு உக்காரணும். ஏழேகாலுக்கு ரொம்ப ஜாஸ்தி ஆயிடும். அக்கா தலைமாட்டுல உக்காந்து அழுவா. அவரு என்ன சொல்லுவாருன்னா... 'இறக்க முடியலடி, இறக்க முடியல.'"

மெழுகுவர்த்தி படபடத்தது. ஒரு பெண் கையால் மறைத்துப் பிடித்தாள்.

அந்த வார்த்தை தன் வாயிலிருந்தே வருவதைக் கேட்டுத்தான் சாருக்குக் கிழவரின் ஞாபகம் வந்திருக்கிறது. நாலாம் நாள் பகலில் மறுபடி காவும்புறத்துக்குப் போனார். அவிராச்சன் தோட்டத்தில் இருந்தான். கட்டில் பக்கத்தில் யாரும் இல்லை.

கிழவர் சாரின் கழுத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவன கண்டியா?"

"கண்டேன்."

"இறக்கினானா?"

"இல்ல. நான் கை கொடுக்கல. வீட்டுப்பேர கேட்டுட்டேன்."

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். "நான் அதுகூட கேக்கல" என்றார்.

அன்றைக்குக் கிழவருக்குப் புத்தி தெளிவாக இருந்தது என்று சார் பிற்பாடு என்னிடம் சொல்லியிருக்கிறார். வார்த்தை வார்த்தையாகச் சொன்னாராம்.

"கம்பத்துல கொத்தின சிலுவை. அவனும் அங்கேர்ந்து வந்தவன்தான். பாண்டிக்காரன், தமிழன். கூலிக்குச் சுமட்டுக்காரன். நான் முன்னால ஜெபம் சொல்லிக்கிட்டு நடந்தேன். நேர்ச்சை என்னோடது, சுமை அவனோடது. அத்தாணிகிட்ட வந்ததும் 'ஒரு கை புடிங்க சாமி'ன்னான். இறக்கினா நேர்ச்சை போச்சே. இன்னும் கொஞ்ச தூரம்டா, நடடான்னேன். மூணு தடவ கேட்டான்... நாலாவது தடவ கேக்கல."

"அப்புறம்?"

"அங்கேர்ந்து நான் எடுத்தேன். சர்ச் முற்றம் வரைக்கும் நான்தான் எடுத்தேன். அது பொய்யில்ல."

"அவன்?"

"காப்பிச் செடிக்குக் கீழ."

ஈரத் துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். அடுத்த வாரமே அத்தாணியின் மேல்கல்லைப் பெயர்த்துக்கொண்டுபோய்ச் சிலுவைக்குப் பீடமாக வைத்துவிட்டாராம். அந்தக் கல் அங்கே காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு அந்த வழியே போய்வர அவரால் முடியவில்லையாம். எழுபத்தைந்து வருஷமாக நாம் பூ வைப்பது அந்தக் கல்லில்தான்.

"பேர் என்ன அவனுக்கு?" சார் அப்போதும் கேட்டார். தொழில் புத்தி.

"'டா'ன்னு கூப்பிட்டேன்" என்றார் கிழவர். "எழுது. இறக்கலன்னு எழுதாத. வருஷா வருஷம் பெருநாளுக்கு அத வாசிக்கிறானுங்க. வாசிக்கிறப்பல்லாம் அவன் மறுபடி தூக்கிக்கிறான். எனக்குக் கேக்குது... அந்த மூச்சு."

சார் வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதினார். எண்பத்து நாலு பேருடைய கதை எழுதினவர், அந்த ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். 'ஒருமுறைகூட இறக்காமல்' என்ற வரியை அடித்தார். 'பெயர் தெரியாத ஒருவர் அத்தாணி வரை சுமந்தார். கை கொடுக்க ஆளில்லாமல் அங்கே இறந்தார்' என்று எழுதினார். அந்த வரி அச்சாகி வந்துவிட்டால் கழுத்து நிமிரும், அவனும் இறக்கிவிடுவான் என்று நம்பினார். அக்காவிடமும் அதைத்தான் சொன்னார்.

எல்லாக் கைப்பிரதியையும் மூட்டையாகக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு நம் அச்சகத்துக்குக் கிளம்பினார். ஜூன் மாதம். மழை. மேலே ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டார்.

நான் தனியாக இருந்தேன். அதோ, அந்த மேஜைதான். ஆர்டர் நோட்டைத் திறந்து வைத்திருந்தேன். வாசலில் ஆள் வந்து நின்றது கடைக்கண்ணில் தெரிந்தது. முகம் தெரியவில்லை, குனிந்திருந்தது. ஈரச் சாக்கு வாடை.

"ஒரு கை புடி..."

நான் பேனாவை எடுத்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. நோட்டில் முதல் கட்டம் அதுதானே.

"யாரு? வீட்டுப்பேர் சொல்லுங்க" என்றேன்.

பிறகு மூட்டை தொப்பென்று தரையில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அகஸ்தி சார். கழுத்து கொடிமரம் போல நேராக நின்றது. அவர் என்னைப் பார்த்தார். முதலில் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, நிஜமாக. அடுத்த நிமிஷம் அது போய்விட்டது.

"அய்யோ, ஒச்சப்பா... நீயும் கேட்டுட்டியா" என்றார்.

மழையில் இறங்கி ஓடிவிட்டார். தோளிலிருந்து நழுவிய சாக்கை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை.

மெழுகுவர்த்திக்கு அந்தப் பக்கம் யாரும் தாள் மடிக்கவில்லை.

மறுநாள் காலை அவிராச்சன் வந்தான். புரூஃபை வாசித்தான். சார் புதிதாக எழுதியதை எடுத்துவிட்டு, அவர் அடித்துவிட்ட வரியை மறுபடி சேர்க்கச் சொன்னான். "உங்க வேலை அச்சடிக்கிறது அண்ணாச்சி. சரித்திரம் எழுதுறது இல்ல" என்றான். அவன் முகத்தைப் பார்த்து, முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்க்க நான் நிமிர வேண்டுமே. அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, சரி என்றேன். நானே என் கையால் அந்த வரியைச் சேர்த்தேன்.

விழாவில் அதை மைக்கில் வாசித்தார்கள். கிழவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுவந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள். 'ஒருமுறைகூட இறக்காமல்' என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். கிழவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். மூன்றாம் நாள் செத்துப்போனார்.

பிரேத ஊர்வலம் அத்தாணி வளைவு வழியாகத்தான் மேலே போக வேண்டும். நானும் போனேன். அதுவரை நாலு பேர் சுலபமாகத் தூக்கிவந்த பெட்டி. எலும்பும் தோலுமான ஒரு கிழவர். அந்த இரண்டு கல்லுக்கு நேரே வந்ததும் நாலு பேருக்கும் முட்டி மடங்கியது. இன்னும் நாலு பேர் ஓடி வந்து தோள் கொடுத்தார்கள். "கொஞ்சம் இறக்கி வச்சுக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள். வழியில் பெட்டியை இறக்கக் கூடாது என்று அவிராச்சன் சத்தம் போட்டான். எட்டுப் பேர், நாக்கு வெளியே தள்ள, மேலே கொண்டுபோனார்கள். எல்லோர் காதிலும் விழுந்தது அந்த மூச்சு. தூக்கினது எட்டுப் பேர். மூச்சு ஒன்றுதான்.

"போதும் அண்ணாச்சி" என்றாள் இரண்டு பெண்களில் ஒருத்தி.

ஜெசிந்தா கையில் இருந்த பாரத்தை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் பிடித்தாள். முதல் பக்கம். குஞ்ஞவிரா படம். படத்துக்குக் கீழே அதே வரி. இந்தத் தடவை அவிராச்சனின் மகன் கொண்டுவந்து கொடுத்தான். இந்தத் தடவையும் நான்தான் அதை அச்சடித்துக்கொடுத்தேன்.

"அகஸ்தி சார் இப்ப எங்க?" என்றாள்.

"கீழ பாலா டவுன்ல. மக வீட்டுல" என்றான் லூயிஸ். "நேரா நடக்குறாரு. எண்பது வயசாச்சு, கழுத்து ஒண்ணுமில்ல. ஆனா இந்த மலைக்கு வர மாட்டேங்குறாரு. அக்கா செத்ததுக்கும் வரல."

"அப்ப அந்தச் சுமை?" ஜெசிந்தா கேட்டாள். "அது இப்ப யார்கிட்ட இருக்கு?"

அவர்கள் என்னையே பார்த்தார்கள். என் கழுத்தைப் பார்த்தார்கள். அச்சுக் கோத்துக் கோத்துக் கூன் விழுந்த கழுத்து என்று இருபது வருஷமாகக் கேலி செய்த கழுத்து.

"மணி என்ன?" என்றேன்.

"ஏழு பத்து."

தினமும் ஏழு அடித்ததும் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், உங்களுக்குத் தெரியும். கள்ளுக்கடைக்குப் போகிறேன் என்று பேசிக்கொள்வீர்கள். நான் போவது என் அறைக்கு. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் வாய் தானாகத் திறக்கும். வேண்டாம் என்றாலும் ஒரு கை கேட்கும். கேட்கிற இடத்தில் ஆள் இருக்கக் கூடாது என்றுதான் இருபத்தைந்து வருஷமாக இப்படி. கல்யாணம் பண்ணிக்கொள்ளாததும் அதனால்தான். இன்றைக்கு மண் சரிந்துவிட்டது, மழை விடவில்லை, வேலை முடியவில்லை.

"அதனால சொல்லிடறேன்" என்றேன். "இன்னும் அஞ்சு நிமிஷத்துல நான் ஒண்ணு கேப்பேன். நீங்க ஒரு வார்த்தை பேசாதீங்க. யாருன்னு கேக்காதீங்க, என்னன்னு கேக்காதீங்க. வந்து ஒரு கை குடுங்க. அது போதும். அவனும் இறக்கிடுவான், நானும் இறக்கிடுவேன். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. முடியலப்பா எனக்கு... ரொம்ப முடியல."

லூயிஸ் பீடியை அணைத்தான். "நான் குடுக்கிறேன் அண்ணாச்சி" என்று எழுந்து என் பக்கம் வந்தான். வந்த வேகத்தில் அவன் முழங்கால் பட்டு மெழுகுவர்த்தி சாய்ந்தது.

இருட்டு.

"ஐயோ, தீப்பெட்டி எங்க?" யாரோ தரையைத் தடவினார்கள். லூயிஸ் எதிலோ மோதிக்கொண்டான். பக்கத்து வீட்டில் மணி அடித்து ஜெபமாலை ஆரம்பித்தது. ஒரு குரல் முன்னால். நாலைந்து குரல் பின்னால்.

அது வந்து உட்கார்ந்தது. பின்கழுத்தில். தினமும் உட்காருகிற அதே இடத்தில். ஈரச் சாக்கு வாடை எனக்கு மட்டும் வந்ததா, எல்லோருக்கும் வந்ததா தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டேன். வாய் திறந்தது.

"ஒரு கை புடிங்க..."

தரையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

இருட்டில் ஜெசிந்தா களுக்கென்று சிரித்தாள். பயந்த சிரிப்புதான் அது. பயம் வந்தால் அவளுக்குக் கேலியும் வந்துவிடும். இருபது வருஷமாக எனக்குத் தெரியும்.

"முதல்ல வீட்டுப்பேர் சொல்லுங்க அண்ணாச்சி!" என்றாள்.

லூயிஸின் கை அப்போதுதான் என் தோளில் வந்து பட்டது. தாமதம்.

அதே நேரம் கரண்ட் வந்தது. டியூப்லைட் மினுக்கி மினுக்கி எரிந்தது. மெஷின் ஒருதரம் உறுமியது. எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

"அட, அண்ணாச்சி நிமிந்துட்டாரே!" என்று ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி கைதட்டினாள். லூயிஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். எனக்கு உத்தரம் தெரிந்தது. ஓட்டு இடுக்கில் பல்லி தெரிந்தது. எல்லோருடைய முகமும் நேராகத் தெரிந்தது. இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு. நெஞ்சு முழுக்க ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது. அகஸ்தி சார் முகத்தில் நான் பார்த்தேனே, அதே சந்தோஷம்.

ஜெசிந்தா மட்டும் கைதட்டவில்லை. குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீப்பெட்டியத் தேடுறியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "அதான் லைட் வந்துடுச்சே, நிமிருடி."

"இரு..." என்றாள் ஜெசிந்தா. அந்தக் குரலில் கேலி இல்லை. அலுப்பு மட்டும் இருந்தது. "யாரோ பின்னாலேர்ந்து ஈரச் சாக்க போத்தின மாதிரி இருக்கு. யாரு, லூயிஸா? எடு... எடுத்துடு."

லூயிஸ் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவள் பின்னால் யாரும் இல்லை.